பிள்ளைக்கு ஒரு அஞ்சறைப் பெட்டி

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்து பத்து நாள் ஆகிவிட்டால் போதும், காலை எட்டு மணிக்கு எந்தத் தெருவில் நடந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும்.

"அம்மா, என் ரப்பர் எங்க?"

"நேத்துதானே வாங்கிக் குடுத்தேன்? அதுக்குள்ள தொலைச்சிட்டியா?"

"தொலைக்கலம்மா, பையிலதான் போட்டேன்!"

உடனே புத்தகப் பை தலைகீழாகக் கவிழும். நோட்டு, புத்தகம், முந்தாநாள் பிஸ்கட் தூள், மூடியில்லாத பேனா, விரல் நீளத் துண்டுப் பென்சில் எல்லாம் கூடத்தில் சிதறும். அடுப்பில் தோசை கருகும். வாசலில் வேன்காரர் ஹாரன் அடிப்பார். கடைசியில் பிள்ளை முதுகில் ஒரு அடி, கண்ணில் கொஞ்சம் தண்ணீர். அழுத முகத்தோடு பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு முதல் பாடம் எப்படி மண்டையில் ஏறும்?

சகோதரிகளே, இதைப் பிள்ளையின் சோம்பேறித்தனம் என்றோ அலட்சியம் என்றோ நாம் நினைத்துவிடுகிறோம். ஐந்தாறு வயதில் ஏழெட்டுச் சாமான்களை மனசில் வைத்துக் கணக்குப் பார்க்கும் சக்தி இன்னும் முழுசாக வளர்ந்திருக்காது. அது வயசோடு மெல்ல மெல்ல வருகிற சக்தி. நாமே சீட்டு எழுதாமல் மளிகைக் கடைக்குப் போனால் பெருங்காயத்தை மறந்துவிட்டு வருகிறோம், இல்லையா?

ஆனால் நம் சமையலறையில் பாருங்கள். கரண்ட் போன ராத்திரியில் கையை நீட்டினாலும் கடுகு கடுகாகவே வருகிறது, சீரகமாக வருவதில்லை. காரணம் நம் ஞாபகசக்தி அல்ல, அஞ்சறைப் பெட்டி. கடுகுக்கு ஒரு கிண்ணம், உளுத்தம்பருப்புக்கு ஒரு கிண்ணம். மிளகு தீர்ந்துவிட்டால் காலிக் கிண்ணமே நம்மைப் பார்த்துச் சொல்லிவிடும். நாம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதைப் பெட்டி வைத்துக்கொள்கிறது.

அந்த அஞ்சறைப் பெட்டியைத்தான் இந்த முறை துணியில் தைத்துப் பிள்ளையின் கையில் கொடுக்கப் போகிறோம்.

டப்பா இருக்கும்போது உறை எதற்கு?

கடையில் விதவிதமாகப் பென்சில் டப்பா விற்கிறது. பொம்மை போட்டது, காந்தம் வைத்தது, அமுக்கினால் திறப்பது. பிள்ளைக்கு ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பலவற்றில் உள்ளே ஒரே குழிதான். எல்லாவற்றையும் அள்ளிப் போட்டு மூடிவிடலாம். பத்து சாமான் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு இருந்தாலும் டப்பா நிறைந்த மாதிரியே தெரியும். எது போயிற்று என்பது மறுநாள் வகுப்பில் தேடும்போதுதான் தெரியவரும். தகர டப்பாவில் இன்னொரு கஷ்டமும் உண்டு. பை ஆடும்போதெல்லாம் பென்சில் மோதி மோதி உள்ளே இருக்கும் குச்சி துண்டு துண்டாக உடைந்துவிடும். வெளியில் பார்த்தால் தெரியாது. சீவச் சீவ முனை கழன்று விழும். "மட்டமான பென்சில்" என்று கடைக்காரரைத் திட்டுவோம். துணி உறையில் பென்சில் மெத்தையில் படுத்த மாதிரி இருக்கும்.

வெளிநாடுகளிலும் இந்த அறை முறைதான். ஜப்பானில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொரு பென்சிலுக்கும் தனி இடம் உள்ள பெட்டியைத்தான் பெரும்பாலும் கொண்டுபோகிறார்கள். ஜெர்மனியில் சின்னப் பிள்ளைகளின் பென்சில் உறையைத் திறந்தால் ஒவ்வொன்றையும் பிடித்துக்கொள்ள எலாஸ்டிக் வளையங்கள் வரிசையாக இருக்கும். இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ம் வருஷம் சென்னை அடையாறுக்கு வந்து, யுத்த காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி, 1946 வரை நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய வகுப்பறையில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு இடம் உண்டு. எடுத்த பிள்ளையே அதைத் திரும்ப அதே இடத்தில் வைக்க வேண்டும். பித்தான் போடுவது, முடிச்சுப் போடுவது என்று விரல் பழகுவதற்கே தனிச் சட்டங்கள் வைத்திருந்தார். நாம் தைக்கப் போகும் உறையில் இந்த இரண்டு பழக்கமும் சேர்ந்தே வந்துவிடும்.

ஒரு வயிற்றுவலியின் கதை

இதெல்லாம் ஒரு பென்சில் சமாசாரம்தானே, இதற்கு இவ்வளவு பேச்சா என்று நினைப்பவர்களுக்கு எங்கள் ஓமந்தூரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் கோடி வீட்டுப் பையன் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். அம்மாக்காரி மல்லாட்டை பிடுங்குகிற சீசனில் விடியற்காலையிலேயே கொல்லிக்குப் போய்விடுவாள். பையனைக் கிளப்பி அனுப்புவது ஆயாவின் பொறுப்பு. திடீரென்று ஒரு வாரமாகப் பையன் காலையில் எழுந்ததும், "ஆயா, வவுத்த வலிக்குது, நான் போவல" என்று சுருண்டு படுத்தான். ஒன்பது மணி தாண்டினால் வலி போய்விடும். ஆயா கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். ஓமத் தண்ணி கொடுத்தாள். கஷாயம் கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

ஒருநாள் சாயந்திரம் அம்மாக்காரி என்னிடம் வந்து, "என்னான்னே தெரியலக்கா. டாக்டருகிட்ட காட்டினேன், வவுத்துல ஒண்ணுமில்லன்னுட்டாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து முறுக்கு கொடுத்து மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். வெகுநேரம் கழித்துத்தான் வாயைத் திறந்தான்.

"பென்சிலு இல்ல அத்தை. டிக்டேசன் சொல்லும்போது எல்லாரும் எழுதுவாங்க. நான் சும்மா உக்காந்திருப்பேன். பக்கத்துப் பையன் தர மாட்டேங்கறான்."

"அம்மாகிட்ட கேட்டிருக்கலாமேடா கண்ணு?"

"ரெண்டு தடவ வாங்கிக் குடுத்துது. தொலைச்சிட்டேன். மூணாவது கேட்டா அடிக்கும்."

அவ்வளவுதான் நோய். சில ரூபாய்ப் பென்சில் ஒன்று இல்லாமல் ஒரு பிள்ளை ஒரு வாரம் படிப்பை விட்டிருக்கிறான். பொய் சொல்லப் பழகியிருக்கிறான். அம்மாவைப் பார்த்துப் பயந்திருக்கிறான். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் பக்கத்துப் பையனின் பையில் கையை விட்டிருப்பான். அதற்குத் திருட்டு என்று பெயர் வைத்திருப்போம். அம்மாவும் கொடுமைக்காரி அல்ல. நாள் பூராவும் குனிந்து வேலை செய்துவிட்டு வருகிறவள். மூன்றாவது பென்சில் என்றால் அவளுக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

அன்றைக்கே அவளும் நானுமாகச் சேர்ந்து ஒரு உறை தைத்தோம். இரண்டு வாரத்தில் பையன் ரொம்பச் சமர்த்தாகிவிட்டான் என்று கதை விட மாட்டேன். ரப்பர் அவனிடம் இன்னமும் தொலையத்தான் செய்கிறது. ஆனால் தொலைந்த அன்றைக்கே தெரிந்துவிடுகிறது, வீட்டில் வந்து சொல்கிறான். வயிற்றுவலி போயிற்று.

துணி எங்கே தேடுவது?

வெளியே போய் வாங்க வேண்டாம். மஞ்சப்பை இல்லாத வீடு தமிழ்நாட்டில் உண்டா? கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுத்தது, திண்டிவனம் ஜவுளிக் கடையில் புடவை போட்டுக் கொடுத்தது என்று ஆணியில் நாலைந்து தொங்கும். நடுவில் பிளாஸ்டிக் பை வந்து அதை ஓரங்கட்டியது. மஞ்சப்பையோடு பட்டணம் போனால் பட்டிக்காட்டான் என்று சினிமாவிலே கேலி செய்தார்கள். ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் சாமான்கள் பதினாலு வகையை 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு அரசு தடை செய்தது. 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கம் வந்தது. 2022-ல் சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை வருகிற மிஷினே வைத்தார்கள். கேலி செய்த பைக்கு வந்த மரியாதையைப் பாருங்கள்!

எங்கள் ஊர்க்காரர் ஓ.பி.ராமசாமி ரெட்டியார் 1947-லிருந்து 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தவர். அத்தனை பெரிய பதவியிலும் எளிமையை விடாதவர் என்று இன்றைக்கும் பெரியவர்கள் பேசிக்கொள்கிறார்கள். அந்த ஊரிலிருந்து எழுதுகிற நான் மஞ்சப்பையைச் சிபாரிசு செய்வதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லையே!

மஞ்சப்பைத் துணி கெட்டியானது. உறைக்கு மேல்துணியாக அது சரியாக இருக்கும். உள்துணிக்குப் பழைய பாவாடை, சட்டை, சின்னதாகிப்போன யூனிபாரம் எதுவானாலும் சரி. பிள்ளைக்குப் பிடித்துப்போன, கிழிந்தும் விட மனசில்லாத ஒரு சட்டை இருக்குமே, அதைப் போட்டால் இன்னும் விசேஷம்.

தேவையானவை: பெரிய மஞ்சப்பை ஒன்று, உள்துணி ஒன்று, கெட்டி நூல், பெயர் தைக்க எம்பிராய்டரி நூல் இரண்டு கலர், பெரிய பட்டன் ஒன்று, மெல்லிய எலாஸ்டிக் 4 அங்குலம், சாக்பீஸ், டேப், கத்தரிக்கோல், குண்டூசி. மிஷின் இருந்தால் ஒரு மணி நேரத்தில் முடியும். இல்லாவிட்டால் கையாலேயே தைக்கலாம், இரண்டு மத்தியானம் ஆகும்.

தைக்கும் விதம்

முதலில் இரண்டு துணியையும் துவைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். புது மஞ்சப்பையானால் கட்டாயம் துவைக்க வேண்டும். சாயம் போகிற துணியா, சுருங்குகிற துணியா என்பது அப்போதே தெரிந்துவிடும். தைத்த பிறகு தெரிந்தால் நோட்டெல்லாம் மஞ்சளாகும்.

பையின் பக்கத் தையலையும் அடித்தையலையும் பிரித்து விரித்துக்கொள்ளுங்கள். 11 அங்குல அகலம், 16½ அங்குல நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். உள்துணியிலும் அதே அளவு. கடைப் பெயர் அச்சடித்திருந்தால் அந்தப் பக்கத்தை உள்ளே மறையும்படி வைத்துக்கொள்ளலாம்.

இனி பெயர். இதை இரண்டு துணியையும் சேர்ப்பதற்கு முன்பே தைத்துவிட வேண்டும். சேர்த்த பிறகு தைத்தால் உள்பக்கம் முடிச்சு முடிச்சாகத் தெரியும். மேல்துணியை மடித்துப் பார்த்து, உறை மூடியிருக்கும்போது முன்பக்கம் எங்கே வரும் என்று சாக்பீஸால் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். இப்போது பிள்ளையைக் கூப்பிடுங்கள். சாக்பீஸை அதன் கையில் கொடுத்து, பெயரை அதுவே எழுதட்டும். எழுத்து கோணலாக இருக்கும். கொம்பு பெரிசாகவும் கால் சின்னதாகவும் இருக்கும். திருத்தாதீர்கள். அந்தக் கோட்டின் மேலேயே சங்கிலித் தையல் போடுங்கள். கடையில் எத்தனை ரூபாய் கொடுத்தாலும் அப்படி ஒரு உறை கிடைக்காது. பெயர் எழுத வராத சின்னப் பிள்ளையானால் முதல் எழுத்து மட்டும் போதும். பக்கத்தில் அதற்குப் பிடித்த ஒரு படம், மாம்பழமோ பஸ்ஸோ ஆட்டுக்குட்டியோ, அதுவே வரைந்ததாக இருக்கட்டும். ஒரே பெயரில் வகுப்பில் மூன்று பேர் இருந்தாலும் ஆட்டுக்குட்டி ஒன்றுதான் இருக்கும்!

ஒரு எச்சரிக்கை. வீட்டு விலாசம், போன் நம்பரை வெளியே தெரியும்படி தைக்க வேண்டாம். தெருவில் போகிறவர் கண்ணில் படத் தேவையில்லை. அவசியமானால் மேல்மடிப்புக்கு உள்ளே தைக்கலாம்.

அடுத்து, இரண்டு துணியின் நல்ல பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்துக் குண்டூசி குத்துங்கள். ஓரத்திலிருந்து அரை அங்குலம் விட்டு நாலு பக்கமும் தையுங்கள். மேல் ஓரத்தில் மட்டும் 3 அங்குலம் தைக்காமல் விடவேண்டும். மூலைகளைத் தையலில் படாமல் குறுக்கே வெட்டிவிட்டு, அந்த வாய் வழியாகத் தலையணை உறை மாதிரி திருப்பி எடுங்கள். மூலைகளைப் பென்சிலின் மழுங்கிய பக்கத்தால் நெம்பிவிட்டு இஸ்திரி போட்டு, வாயை ஹெம்மிங் செய்து மூடுங்கள். இப்போது 10 அங்குல அகலம், 15½ அங்குல நீளத்தில் ஒரு துண்டு கையில் இருக்கும்.

உள்துணி மேலே தெரியும்படி விரித்து, கீழ் ஓரத்தை 4½ அங்குலம் மேல்நோக்கி மடியுங்கள். இதுதான் அறைகள் வரப்போகும் இடம். இரண்டு பக்கமும் கெட்டியாகத் தைத்துவிடுங்கள். இடது ஓரத்திலிருந்து 1, 2, 3, 5, 6, 8 அங்குலங்களில் சாக்பீஸ் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டின் மேலும் அடியிலிருந்து மடிப்பின் வாய்வரை தைத்தால் ஏழு அறைகள் கிடைக்கும். வாய்ப்பக்கம் முடியும் இடத்தில் இரண்டு மூன்று தடவை திரும்பத் திரும்பத் தையுங்கள். பிள்ளை பென்சிலைச் செருகும்போது முதலில் பிரிவது அந்த இடம்தான்.

முதல் மூன்று அறை பென்சிலுக்கு. நாலாவது, 2 அங்குல அறை, ஆறு அங்குல ஸ்கேலுக்கு. ஐந்தாவது சின்ன அறை துண்டுப் பென்சிலுக்கு. ஆறாவது ரப்பருக்கு, ஏழாவது ஷார்ப்னருக்கு. கடைசி மூன்று அறைகளில் சாமான் அடியில் போய் ஒளிந்துகொள்ளாமல் இருக்க, அடியிலிருந்து 2½ அங்குலத்தில் குறுக்கே ஒரு தையல் போட்டுவிடுங்கள். பிள்ளையின் விரலுக்கு எட்டும் ஆழமாகிவிடும். இடது கையால் எழுதும் பிள்ளையானால் இதே வரிசையை வலமிருந்து அடையுங்கள். இடது கைப் பழக்கத்தை அடித்து மாற்றுவதெல்லாம் பழைய காலம்.

புதுப் பென்சில் சுமார் 7 அங்குலம் இருக்கும். மேலே மிஞ்சியிருக்கும் துணியை 3½ அங்குலம் கீழே மடித்தால் அது பென்சில்களின் தலையை மூடி, அறைகளின் வாயையும் அரை அங்குலம் மறைக்கும். தலைகீழாகப் பிடித்தாலும் எதுவும் விழாது. பிறகு நடுவில், 5 அங்குலத் தையலில், புத்தகம் மாதிரி இரண்டாக மடியுங்கள். பின் அட்டையின் ஓரத்தில் எலாஸ்டிக்கை வளையமாகத் தைத்து, முன் அட்டையில் ஓரத்திலிருந்து ஒரு அங்குலம் தள்ளிப் பட்டன் வையுங்கள். உறைக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடிப் பார்த்தபின் வளையத்தின் அளவை முடிவு செய்வது நல்லது.

பெரிய பிள்ளைகளுக்கு

ஆறாம் வகுப்பு தாண்டிய பிள்ளை இப்படி அறை வைத்த உறையைக் குழந்தைத்தனம் என்று சொல்லும். அரசுப் பள்ளியில் ஒன்று, இரண்டாம் வகுப்புக்குக் கிரேயான், மூன்றிலிருந்து ஐந்து வரை கலர் பென்சில், ஆறிலிருந்து பத்து வரை ஜாமெட்ரி பாக்ஸ் என்று இலவசமாகவே கொடுக்கும் திட்டம் உண்டு. அந்த பாக்ஸில் காம்பஸும் கோணமானியும் இருக்கட்டும், பேனாக்களுக்கு ஒரு ஜிப் பை போதும். 10 அங்குல அகலம், 9 அங்குல நீளத் துணி. நீளத்தின் இரண்டு முனையையும் அரை அங்குலம் மடித்து ஜிப்பின் இருபக்கமும் தையுங்கள். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, ஜிப்பைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு பக்கவாட்டில் தையுங்கள். ஜிப்பை மூடிவிட்டுத் தைத்தால் அப்புறம் பையைத் திருப்பவே முடியாது! 9-க்கு 4 அங்குலத்தில் அழகான பை வந்துவிடும்.

பென்சில் பற்றிச் சில சுகாதார விஷயங்கள்

பென்சிலுக்குள் இருப்பது ஈயம் என்று பலர் பயப்படுகிறார்கள். அது ஈயம் அல்ல. கிராபைட் என்னும் ஒருவகைக் கரியும் களிமண்ணும் கலந்து சுட்ட குச்சி. 1795-ல் பிரான்ஸ் தேசத்து கோன்தே என்பவர் கண்டுபிடித்த முறை இது. நம் சிவகங்கைப் பக்கம் பூமியிலிருந்து வெட்டி எடுப்பதும் இந்தக் கிராபைட்தான். ஆகவே பிள்ளை முனையைக் கொஞ்சம் கடித்துவிட்டால் விஷம் ஏறிவிடும் என்று பதற வேண்டாம். ஆனால் தரையில் உருண்டதையும் நாலு பேர் வாயில் வைத்ததையும் கடிப்பதால் கிருமிகள் வயிற்றுக்குள் போகும். பென்சில் கடிக்கிற பிள்ளையைத் திட்டுவதைவிட, அது எப்போது கடிக்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் கணக்கு புரியாதபோதுதான் கடிக்கும்.

ரப்பர் பழ வாசனையோடு வருகிறது. சின்னதுகள் மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் வாசனை ரப்பரே வேண்டாம். சின்ன ரப்பரும் பேனா மூடியும் தொண்டையில் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

பென்சிலைச் செருகும்போது கூர்முனை கீழே போகும்படி செருகப் பழக்குங்கள். எடுக்கும் அவசரத்தில் கையில் குத்தாது. உறையின் அடியில் சேரும் கரித்தூள் வாரத்துக்கு ஒருமுறை துவைத்தால் போய்விடும். கையில் குத்திவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கருநீலப் புள்ளி ஒன்று தோலுக்குள் தங்கிவிடலாம், அதனால் கெடுதல் இல்லை. ஆழமாகக் குத்தியிருந்தாலோ வீங்கினாலோ டாக்டரிடம் காட்டுங்கள். கண்ணில் பட்டால் கசக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

முனையை அடிக்கடி உடைக்கிற பிள்ளை அழுத்தி எழுதுகிறது என்று அர்த்தம். ஹெச்பி என்பது நடுத்தரமான குச்சி. அதைவிட மிருதுவான 2பி பென்சில் கொடுத்துப் பாருங்கள். கை வலிக்காமல் கருப்பாக எழுதும். ஜப்பானில் எழுதப் பழகும் பிள்ளைகளுக்கு இதைத்தான் பெரும்பாலும் கொடுக்கிறார்கள்.

இன்னொன்று, கனம். பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்று மத்திய அரசின் 2020-ம் வருஷத்துப் புத்தகப் பைக் கொள்கை சொல்கிறது. 16 கிலோ பிள்ளைக்கு மொத்தமே 1.6 கிலோதான். தகர டப்பாவும் பத்துப் பென்சிலும் அதில் இடத்தைப் பிடிக்க வேண்டாமே!

பழக்கம்தான் பாதி வேலை

உறையைத் தைத்துக் கொடுத்துவிட்டால் பிள்ளை தானாகத் திருந்திவிடாது. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பு ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். பிள்ளை தன் கையால் உறையைத் திறந்து, அறை அறையாகத் தொட்டு எண்ணட்டும். முனை மழுங்கிய பென்சிலை அப்போதே சீவட்டும். முதல் இரண்டு வாரம் பக்கத்தில் உட்காருங்கள். பிறகு அடுப்படியிலிருந்தே, "எண்ணிட்டியா கண்ணு?" என்று ஒரு குரல் போதும். நாமே அடுக்கிக் கொடுத்தால் சீக்கிரம் முடியும், வாஸ்தவம்தான். ஆனால் அது நம் பழக்கமாகுமே தவிர பிள்ளையின் பழக்கம் ஆகாது.

ஏதாவது காணாமல் போயிருந்தால், "எங்கடா தொலைச்சே?" என்று கேட்காதீர்கள். "எந்த அறை காலியா இருக்கு?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குப் பிள்ளைக்குப் பொய்தான் வாயில் வரும். இரண்டாவது கேள்விக்குப் பதில் அதன் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. பதில் சொன்ன பிள்ளையை அடிக்கவும் நமக்குக் கை வராது. மறுநாள் வகுப்பில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் புதுசு கொடுங்கள், ஆனால் ஒன்றே ஒன்று. டஜன் கணக்கில் கையில் இருந்தால் எதற்கும் மதிப்பு இருக்காது.

மூன்று பென்சில் அறையையும் நிரப்பியே வைக்க வேண்டும். ஐந்தாவது அறைத் துண்டுப் பென்சிலுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். அது கடன் கொடுப்பதற்கு. பக்கத்தில் ஒரு பிள்ளை பென்சில் இல்லாமல் உட்கார்ந்திருந்தால் அதை எடுத்து நீட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். தன்னுடைய நல்ல பென்சிலைக் கொடுக்கப் பிள்ளைக்கு மனசு வராது, அது சகஜம். துண்டுப் பென்சிலைத் தயங்காமல் கொடுக்கும். திரும்பி வந்ததா என்று சாயந்திரம் எண்ணும்போது தெரிந்துவிடும். வராவிட்டாலும் நஷ்டம் பெரிசில்லை. வகுப்பில் எந்தப் பிள்ளையும் டிக்டேஷன் நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்காது, இல்லையா?

சனிக்கிழமை எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு உறையை மற்றத் துணிகளோடு துவைத்து வெயிலில் போடுங்கள். ஷார்ப்னர் உள்ளே மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிளேடு துருப்பிடித்துத் துணியில் கறை விழும். தையல் பிரிந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளையையே ஊசி கோக்கச் சொல்லி, இரண்டு பேரும் சேர்ந்து தைத்துவிடுங்கள். ஆண்பிள்ளை ஊசி பிடிக்கலாமா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டால், ஊரில் பேர்போன டெய்லர்கள் எல்லாம் யார் என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கேளுங்கள்.

ஆணியில் தொங்கும் மஞ்சப்பையை இன்றைக்கே கழற்றி நனைத்துப் போடுங்கள் சகோதரிகளே. நாளை மத்தியானம் துணி காய்ந்திருக்கும். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கையில் சாக்பீஸைக் கொடுத்துப் பெயரை எழுதச் சொல்லுங்கள்.